அடுக்கம் வழியாக வீட்டுக்கு

திங்கட்கிழமை காலை ஏழாம் வகுப்பில் என் கடைசிப் பாடத்தை நடத்தினேன். இறந்தகாலமும் நிகழ்காலமும் முடிந்து, எதிர்காலம் மட்டும் பாக்கியிருந்தது. 'டுமாரோ' என்று கரும்பலகையில் எழுதி, மிச்சத்தை அவரவர் எழுதச் சொன்னேன். பாதி வகுப்புக்கு மேல், 'நாளைக்கு எங்கள் மிஸ் சிலோனுக்குப் போவார்' என்றே எழுதியிருந்தது. நான் போவது வெள்ளிக்கிழமை. இலக்கணம் சரி, தகவல்தான் பிழை என்று சொல்லி எல்லோருக்கும் சரி போட்டேன்.

நான் இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த அந்த ஆண்டுகளில், கொடைக்கானலில் ஒரு சிறிய விடுதிப் பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம். வரும்போது என் மகள் கௌசல்யாவுக்கு ஐந்து வயது. தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர் சிவகுமாரிடம் அவளை விட்டுவிட்டு வந்தேன். ஞாயிறுதோறும் ஏரிச்சாலையில் இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து பேசுவேன்.

தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். எனக்குப் பதிலாக வரவேண்டிய ஆசிரியை வரத் தாமதமாகி, பள்ளியில் இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். சம்மதித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கௌசல்யா தொலைபேசிக்கு வரவில்லை. ஐந்து வாரம். "கூப்பிட்டா ஓடி ஒளிஞ்சுக்கிறா. அம்மா வர்றேன்னு சொன்னாலும் வரமாட்டாங்கன்னு சொல்றா" என்றார் கணவர். பூத்துக்காரர் மீட்டரைப் பார்க்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திருச்சியிலிருந்து விமானம். என் விசா சனிக்கிழமையோடு முடிகிறது. இந்தமுறை தவறக்கூடாது.

செவ்வாய்க்கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு கவுஞ்சி என்ற மலைக்கிராமத்துக்குப் போனேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பாவும் அம்மாவும் ஒரு வருடமாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். பூம்பாறையைத் தாண்டியதும் பஸ்ஸுக்குள்ளேயே மூடுபனி வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஊரிலும் இதே பனிதான். ஆனால் அங்கே பனி இறங்கினால் கொழுந்துக் கூடை எப்போது நிறையும் என்று கவலைப்படுவார்கள். கொடைக்கானலில் பனி இறங்கினால் சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். இந்தப் பஸ்ஸில் இரண்டும் இல்லை. எல்லோரும் காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கினார்கள்.

எங்கள் மலைகள் முழுக்கத் தேயிலை. ஒரே பச்சை. கவுஞ்சியில் மலையைப் படிபடியாக வெட்டி, ஒரு படியில் கேரட், ஒரு படியில் உருளைக்கிழங்கு, இன்னொரு படியில் பூண்டு என்று விதவிதமான பச்சை. அது அந்த வீட்டுக்காரர்களின் சொந்த நிலம். தன் வரப்பில் நின்று "இது நம்மளது" என்று அந்த அம்மா கைகாட்டியபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. மூன்று தலைமுறையாக மலையில் வேலை செய்த என் குடும்பத்தில், எந்த மண்ணைப் பார்த்தும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அடுப்புக்கு மேலே பூண்டுக் கொத்துகள் புகையில் தொங்கின. அவற்றுக்குக் கீழே உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். பூண்டுக்குழம்பு, பீன்ஸ் பொரியல், அப்பொழுதுதான் தோண்டிய உருளைக்கிழங்கு. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க மிஸ். கடல் தாண்டிப் போறீங்க, அங்கன எல்லாம் கெடைக்குமோ என்னமோ" என்றார் அந்த அம்மா. கிளம்பும்போது நாலு கொத்துப் பூண்டைக் கோணிப்பையில் கட்டி மடியில் வைத்தார். பெட்டியில் இடமில்லை, விமானத்தில் எடை பார்ப்பார்கள் என்றேன். "எங்க பூண்டு வெயிட்டே இருக்காதுங்க" என்றார் அவருடைய கணவர். திரும்பி வந்த பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை யாரும் உட்காராமல் காலியாகவே வந்தது.

புதன்கிழமை மழை பிடித்தது. யூகலிப்டஸ் தைலமும் வீட்டுச் சாக்லேட்டும் வாங்கப் பஜாருக்குப் போனவள், தொப்பலாக நனைந்து திரும்பினேன். அன்று முழுக்க விடவில்லை.

வியாழன் காலை விடுதிச் சமையலறைக்குப் போனபோது செல்லம்மாக்கா கரண்டியோடு வாசலிலேயே நின்றிருந்தார். பால் வண்டி வரவில்லை, பேப்பர் வரவில்லை. "கீழ ரோடு போச்சாம் டீச்சர். ஊத்துக்குக் கீழ பாதி ரோட்டக் காணோமாம். பழனி ரோட்டுலயும் மரமும் மண்ணுமா கெடக்காம்."

"எப்ப சரியாகுமாம்?"

"ரெண்டு நாளுங்கிறான் ஒருத்தன். நாலு நாளுங்கிறான் இன்னொருத்தன்."

செல்லம்மாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதியின் தலைமைச் சமையல்காரி. ஐம்பதை நெருங்கும் வயது. நான் வந்த முதல் வாரம், இட்லியைப் பார்த்து முகம் வாடியிருந்த என் முன்னால் தேங்காய் ரொட்டியும், தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடித்த சம்பலும் கொண்டுவந்து வைத்து, "தேத்தண்ணி சாயம் கூடவா, கொறவா?" என்று கேட்டவர். தேநீருக்கு எங்கள் ஊரில் சொல்லும் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரும் எங்கள் மலையில் பிறந்தவர்தான். பதினாலு வயதில், இந்தியக் குடியுரிமை என்று எழுதிய தாளோடு, அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர். மண்டபம் முகாமில் இருந்து, பிறகு பழனிமலையின் காப்பித் தோட்டங்களில் வேலை செய்து, கடைசியில் இந்த அடுப்படிக்கு வந்து சேர்ந்தவர். இரண்டு வருடமும் என்னைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்டது அவர்தான்.

நான் பலகையில் உட்கார்ந்தேன். ஐந்து வாரமாகத் தொலைபேசிக்கு வராத பிள்ளைக்கு, ரோடு போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? விசாவுக்கு யாரிடம் போய் நிற்பது? செல்லம்மாக்கா அடுப்பைத் தணித்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நடப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"எங்கே?"

"அடுக்கத்து வழியா. எங்க நாத்தனா வீடு அங்கதான். பெருமாள்மலை வரைக்கும் ரோடு நல்லாருக்கு. அங்கிருந்து ஜீப்புல அடுக்கம். நாளைக்கு வெள்ளனே எறங்குனா மூணு மணி நேரத்துல கும்பக்கரை. அப்புறம் பெரியகுளம், பஸ்ஸு."

"இந்தப் பெட்டியோடயா?"

"பெட்டி நடக்காது. அதுக்குக் குதிர இருக்கு."

தலைமையாசிரியை யோசித்தார். மழையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு செல்லம்மாக்காவுக்கு இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். அன்று மதியம் விடுதிப் பிள்ளைகளுக்குச் சமைத்தது மூன்று ஆசிரியைகள். அந்தச் சாம்பாரைப் பற்றி நான் எதுவும் சொல்லாமலிருப்பதே நன்றி.

அடுக்கத்துக்குப் போன ஜீப்பில் பதினாறு பேர் இருந்தோம். எனக்கு முன்சீட்டில் பாதி. மீதிப் பாதி கியருக்கு. ஓட்டுநர் கியர் மாற்றும்போதெல்லாம் "கால ஒதுக்குங்க மிஸ்" என்றார். பாதி வழியில் சேற்றில் சக்கரம் புதைந்து, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் பேச்சில் நான் எந்த ஊர் என்று தெரிந்துபோயிற்று. "சிலோன்ல இருந்து வந்து எங்க ஜீப்பத் தள்ளுறீங்களே" என்று ஒருவர் சொல்ல, மழையிலேயே எல்லோரும் சிரித்தார்கள்.

நாத்தனார் வீட்டில் இரவு ரசமும் கருவாடும். அவர்கள் தோட்டத்துக் காப்பிக்கொட்டையை வறுத்து இடித்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். தேயிலைக்காரியான நான் அன்றைக்குக் காப்பியிடம் தோற்றேன். ஈரத் துணிகளை அடுப்பைச் சுற்றிக் காயப்போட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை விடியும்போது குதிரைக்காரர் வந்துவிட்டார். பாண்டி என்று பெயர். அடுக்கத்திலிருந்து எலுமிச்சையும் காப்பியும் பெரியகுளத்துக்கு இறக்குவது அவர் தொழில். குதிரை கழுதையைவிடக் கொஞ்சம் உயரம். அதன் ஒரு பக்கம் எலுமிச்சை மூட்டை, மறுபக்கம் என் பெட்டி. பெட்டி எடை கூடுதலாக இருந்ததால் குதிரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாண்டி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "உள்ள என்னங்க டீச்சரம்மா, கல்லா?"

"புத்தகம்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, கவுஞ்சிப் பூண்டை எலுமிச்சைப் பக்கம் மாற்றிக் கட்டினார். சமன் ஆயிற்று. "ஏலே, நடலே!" என்று குதிரையின் முதுகில் தட்டினார்.

மழை நின்றிருந்தது. முன்பு ஊர் போக்குவரத்து எல்லாம் இந்தப் பாதையில்தான் என்றார் பாண்டி. கற்கள் பாசி பிடித்து வழுக்கின. முதல் ஒரு மணி நேரத்தில் நான் மூன்று தடவை விழுந்தேன். நாலாவது தடவை விழப்போகும்போது செல்லம்மாக்கா என் செருப்பைக் கழற்றச் சொன்னார். வெறுங்காலில் நடந்தேன். கொழுந்து பறிக்கப் போன என் அம்மாவின் கால்கள் எனக்குள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். அப்புறம் விழவில்லை. கீழே, வெகு கீழே, பெரியகுளத்துக் கண்மாய்கள் வெயிலில் தகடுபோலத் தெரிந்தன. எங்களிடம் இன்னும் வெயில் வந்து சேரவில்லை.

பாதி தூரம் இறங்கியதும் சத்தம் கேட்டது. பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடை. பாண்டி வழக்கமாகக் கணுக்கால் நனையாமல் கடக்கிற ஓடையாம் அது. இப்போது செம்மண் நிறத்தில், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. குதிரை தண்ணீரைப் பார்த்ததும் காலை ஊன்றிக்கொண்டது.

"இப்ப எறங்குனா இழுத்துட்டுப் போயிரும். மேல மழ விட்டுருச்சு. தண்ணி வடியும். செத்த உக்காருங்க" என்றார் பாண்டி.

மணி ஏழரை. உட்கார்ந்தோம். செல்லம்மாக்கா வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ரொட்டியும் சம்பலும். நான் அதைத் தொடவில்லை. இந்தத் தண்ணீர் எப்போது வடியும், எத்தனை மணிக்குப் பஸ் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அழுதுவிட்டேன். கௌசல்யா தொலைபேசிக்கு வராததை அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

செல்லம்மாக்கா பொட்டலத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"எனக்கு ஒரு அக்கா இருந்திச்சு டீச்சர். ராசம்மா. நாங்க கப்பலேறுறப்ப அது கல்யாணங் கட்டி, அங்கயே நின்னுருச்சு. அத்தானுக்குச் சிலோன் பேப்பரு. எங்களுக்கு இந்தியாப் பேப்பரு. லயத்து வீட்டு வாசல்ல நின்னு, 'அடுத்த வருசம் வருவேன்'னு சொல்லுச்சு. நானும் 'வருவேன்'னு சொன்னேன்."

"வந்தாங்களா?"

"எங்க வர்றது? அது அங்க, நான் இங்க. பாஸ்போட்டு எடுக்கிறதுக்குள்ள ஒரு கலவரம், அப்புறம் ஒரு சண்ட. எட்டு வருசத்துக்கு முந்தி கடுதாசி வந்துச்சு. செத்துப்போச்சுன்னு. கடுதாசி கைக்கு வந்தப்ப செத்து ரெண்டு மாசம்."

அவருடைய அக்கா இருந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டேன். தேடிப்போய்ப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அதுக்குச் சொல்லல. பாத்தா பாருங்க, பாக்காட்டியும் பரவால்ல. வர்றேன்னு சொன்ன எடத்துக்குப் போக முடியாமப் போனவ நான். ஒங்களுக்குப் பேப்பரு இருக்கு, டிக்கெட்டு இருக்கு, காலும் இருக்கு. இந்தத் தண்ணிக்கு நிக்கலாமா? சாப்புடுங்க."

சாப்பிட்டேன்.

எட்டே கால் மணிக்குத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. மனிதர்களுக்குப் போதும், குதிரைக்குப் போதாது. பாண்டி இழுத்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், "ராசா, தங்கம்" என்று கொஞ்சியும் பார்த்தார். அது அசையவில்லை. அவர் என் பெட்டியை அவிழ்த்தார். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, "தூக்கி விடுங்கக்கா" என்றார்.

"அப்ப எலுமிச்சம்பழம்?" என்றேன்.

"அது எங்கயும் போகாது. சந்தை நாளைக்கும் இருக்கும். ஒங்க பிளேனு நாளைக்கு இருக்குமா?"

பெட்டியோடு அவர் இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொரு அடியாக வைத்துப் போனார். அக்கரையில் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். குதிரையை விட்டுவிட்டு எல்லோரும் போக முடியாது. செல்லம்மாக்கா தங்குவதாகச் சொன்னார். கும்பக்கரை வரை வருவதாக இருந்தவர், அங்கேயே, ஓடைக்கரையில், குதிரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடத்துக்குச் சேர்த்துச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. "வெரசா, வெரசா" என்று பாண்டி அவசரப்படுத்தினார். செல்லம்மாக்கா என் கன்னத்தை ஒருதரம் தடவி, பூண்டுப் பையை என் தோளில் மாட்டிவிட்டு, என்னைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினார்.

பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நடு ஓடையில் கால் ஒருமுறை தரையை விட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தன. அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தேன். செல்லம்மாக்கா ஏதோ கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. நானும் கத்தினேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. பாதை திரும்பும்வரை இரண்டு பேரும் கத்திக்கொண்டே இருந்தோம்.

கும்பக்கரையில் அருவி பாறைகளை மூடிக்கொண்டு பாய்ந்தது. குளிக்க யாரையும் விடாததால் கூட்டமில்லை. ஒரே ஒரு ஆட்டோ நின்றது. பாண்டி பெட்டியை உள்ளே தள்ளி, ஓட்டுநரிடம், "அவுங்க சிலோனுக்குப் போகணும்டே, பாத்துப் போ" என்றார். ஆட்டோக்காரர் பயந்து, "பெரியகுளம் வரைக்குந்தான் போகும்" என்றார். நான் கைகூப்பினேன். பாண்டி அதற்குள் வந்த பாதையில் ஏறத் தொடங்கியிருந்தார். மேலே அவருடைய குதிரையும் எலுமிச்சையும் காத்திருந்தன.

பெரியகுளத்தில் திண்டுக்கல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. முழங்கால்வரை சேற்றோடு, ஈரச் சேலையோடு, பூண்டு மணக்க ஏறிய என்னைப் பார்த்து ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். "எந்த ஊரு துஷ்டிக்குப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். துக்கமில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவர் தன் பையிலிருந்து உலர்ந்த துண்டொன்றை எடுத்துக் கொடுத்து, திண்டுக்கல் வந்ததும் அதைத் திருப்பி வாங்க மறந்தே இறங்கிப்போனார். மறந்தாரா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

திண்டுக்கல்லில் பஸ் மாறித் திருச்சி விமான நிலையத்துக்குள் நான் நுழைந்தபோது மணி மூன்று. கழிப்பறையில் காலைக் கழுவினேன். பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி நிமிர்ந்தார். "கொடைக்கானல்லருந்தா? ரோடே இல்லன்னாங்களே?"

"இல்லைதான். நடந்து வந்தேன்."

அவர் என் காலை எட்டிப் பார்த்தார். முத்திரையைக் குத்தினார்.

இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு விமானம் ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை. செல்லம்மாக்காவால் முப்பது வருடமாகக் கடக்க முடியாத தண்ணீரை, ஒரு பழச்சாறு குடித்து முடிப்பதற்குள் தாண்டிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் எனக்குக் கீழே பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது கம்பித் தடுப்புக்குப் பின்னால் கணவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நான் விட்டுப் போனதைவிட ஒரு சாண் உயர்ந்த ஒரு பிள்ளை. குனிந்து கையை நீட்டினேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா மேல கோபமா?"

தலையை ஆட்டினாள். ஆம் என்று.

"அதுனாலதான் போன்ல பேசலயா?"

இப்போது இல்லை என்று ஆட்டினாள். பிறகு ஆம் என்று. அவளுக்கே குழப்பமாகிவிட்டது. அழுகை வந்து வாய் திறந்தபோதுதான் பார்த்தேன். மேல்வரிசையில் முன்பல் இரண்டையும் காணோம்.

"தீபாவளிக்கு மொதல் நாள் விழுந்துச்சு" என்றார் கணவர். "பேசுனா காத்துப் போகுது. அம்மா இங்கிலீஷ் டீச்சர், திருத்துவாங்கன்னு போனுக்கே வர மாட்டேன்னுட்டா, என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டா. கோவமும் இருந்துச்சு. எது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

அங்கேயே, பெட்டிகளும் தள்ளுவண்டிகளும் போகிற வழியில், உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து என் மடியில் ஏறினாள். கோபமாகத்தான் ஏறினாள்.

மறுநாள் ஹட்டனில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து பள்ளிக்கு அழைத்தேன். ரோடு இன்னும் திறக்கவில்லையாம். செல்லம்மாக்கா காலையிலேயே சமையலறைக்குத் திரும்பிவிட்டாராம். ஆள் போய் அவரைக் கூட்டி வந்தார்கள். விமானம் கிடைத்ததா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"பிள்ள கிட்ட வந்துச்சா டீச்சர்?"

ரிசீவரைக் கௌசல்யாவின் காதில் வைத்தேன். யார் என்று கண்ணால் கேட்டாள். "அம்மாவ ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பி வச்ச பெரியம்மா" என்றேன். அவள் வெகுநேரம் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, ஐந்து வாரமாக என்னிடம் சொல்லாததை, முகம் தெரியாத அந்தப் பெரியம்மாவிடம், காற்றுப் போகிற வாயால் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்:

"ரெண்டு பல்லு பெரியம்மா. மேல் பல்லு. இல்ல, வலிக்கல."